வீட்டு முற்றத்தில் பழைய காருக்கு வர்ணம் பூசுதல்: முதற்தடவை செய்வோர் அறிந்திருக்க வேண்டியவை

யாழ்ப்பாணத்து வீதிகளில் இன்றும் ஓடுகின்ற மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் கார்கள் வெளியூரில் இருந்து வருபவர்களுக்கு ஒரு வேடிக்கைக் காட்சி. இங்கு வாழ்ந்தவர்களுக்கு அவற்றின் பெறுமதி வேறு. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் துளிக்கணக்கில் அளக்கப்பட்டபோது, இந்தக் கார்கள் சில துளி பெற்றோலில் இயக்கப்பட்டு, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடின. பிரசவத்துக்கான தாய்மாரையும் செல் வீச்சில் காயப்பட்டவர்களையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றவை இவைதான். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது பல கார்கள் வீட்டு முற்றத்திலேயே கைவிடப்பட்டன. திரும்பி வந்தபோது சில இருந்தன, சில இருக்கவில்லை.

எஞ்சியவற்றுக்கு இப்போது மீண்டும் மதிப்பு வந்திருக்கிறது. 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல்தான் மீளத் தொடங்கியது. அந்த இடைவெளியில், கொட்டிலுக்குள் கிடந்த அப்பாவின் காரையோ அம்மப்பாவின் காரையோ வெளியே எடுத்தவர்கள் பலர். கராஜ்களில் கேட்கப்படும் கூலியைக் கட்ட முடியாதவர்கள், இந்த வேலையை நாமே செய்தால் என்ன என்று நினைக்கிறார்கள். செய்யலாம். ஆனால் வர்ணம் பூசுவது கடைசி இரண்டு மூன்று நாள் வேலை. அதற்கு முந்திய ஆயத்தம் வாரக்கணக்கில் நீளும். பூச்சு நிலைக்குமா, ஒரு வருடத்தில் கொப்பளித்து உரிந்துபோகுமா என்பதை அந்த ஆயத்தமே தீர்மானிக்கிறது. இந்தக் கட்டுரை அந்த ஆயத்தத்தைப் பற்றியது.

பற்றைக்குள் கிடந்த கார் என்றால்

முதலில் ஓர் எச்சரிக்கை. கார் நீங்கள் இல்லாத காலத்தில் கைவிடப்பட்ட காணியில், பற்றைக்குள், பதுங்குகுழிக்கு அருகில் அல்லது மண்ணுக்குள் புதைந்து கிடந்ததாக இருந்தால், அதை இழுக்கவோ கதவையும் டிக்கியையும் திறக்கவோ வேண்டாம். இருக்கைகளுக்குக் கீழும் பொனற்றுக்குள்ளும் வெடிக்காத பொருட்கள் இருக்கக்கூடும். சந்தேகம் இருந்தால் 119 இலக்கத்தில் பொலிசாருக்கு அறிவியுங்கள், அல்லது உங்கள் பகுதியில் பணியாற்றும் கண்ணிவெடி அகற்றும் நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். இடம் பாதுகாப்பானது என்று அவர்கள் உறுதிப்படுத்திய பின்னரே காரில் கை வைக்கவேண்டும்.

பத்திரமும் இலக்கமும்

வாகனப் பதிவுச் சான்றிதழில் காரின் நிறமும் குறிக்கப்பட்டிருக்கும். பழைய நிறத்தையே மீண்டும் பூசுவதானால் சிக்கல் இல்லை. நிறத்தை மாற்றுவதானால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்துவதற்கான நடைமுறையை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இடப்பெயர்வில் பத்திரம் தொலைந்த குடும்பங்களும், பத்திரம் இன்னும் இறந்தவரின் அல்லது காணாமல் ஆக்கப்பட்டவரின் பெயரிலேயே உள்ள குடும்பங்களும் ஏராளம். வர்ணத்துக்குப் பணம் செலவழிக்க முன்னர் அந்த அலுவலைத் தொடங்கிவிடுவது நல்லது.

சஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பொறித்த தகடுகளைச் சுரண்டவோ அவற்றின் மேல் வர்ணம் பூசவோ கூடாது. அவற்றைத் தெளிவாகப் படம் எடுத்து, பின்னர் மாஸ்கிங் ரேப்பால் மூடிவிடுங்கள். சிங்கள ஸ்ரீ எழுத்துள்ள பழைய எண்தகட்டையும் கவனமாகக் கழற்றி வையுங்கள். 1957, 1958 இல் ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டம் நடந்தது இந்த எழுத்துக்காகத்தான். அந்தத் தகடு காரின் அடையாளமாக மட்டுமன்றி எங்கள் அரசியல் வரலாற்றின் ஒரு துண்டாகவும் இருக்கிறது.

எந்த வகை வர்ணம்?

ஆயத்தத்தின் ஒவ்வொரு படியும் நீங்கள் தெரிவு செய்யும் வர்ணத்தில் தங்கியிருப்பதால், இதை முதலிலேயே முடிவு செய்யவேண்டும். மூன்று வகைகள் உள்ளன.

முதலாவது, கடைகளில் 'ரூ கே' என்று கேட்டால் கிடைக்கும், வன்மையாக்கி கலந்து அடிக்கும் வர்ணம். பளபளப்பும் உறுதியும் அதிகம். ஆனால் அதன் வன்மையாக்கியில் ஐசோசயனேற் என்ற இரசாயனம் உண்டு. அதன் புகார் நுரையீரலுக்குள் சென்றால் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் ஆஸ்துமாவை உண்டாக்கலாம். வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் குழாய் பொருத்திய முகக்கவசத்துடன்தான் அதை விசிற வேண்டும். வீட்டு முற்றத்தில், பிள்ளைகளும் அயலவரும் இருக்கும் இடத்தில், முதற்தடவை செய்பவர் இதைத் தொடாமல் விடுவதே நல்லது.

இரண்டாவது, என்.சி. எனப்படும் நைற்றோ செலுலோஸ் வர்ணம். விரைவில் காயும். தவறு நேர்ந்தால் தேய்த்துத் திருத்தலாம். தின்னர் அதிகம் தேவை. ஈரப்பதன் கூடிய நாளில் அடித்தால் வெள்ளை பூத்துவிடும்.

மூன்றாவது, சிந்தற்றிக் எனாமல். காய நேரமெடுக்கும், தூசி ஒட்டும். ஆனால் விலை குறைவு. ஸ்பிறே கண் இல்லாதவர் நல்ல தூரிகையாலோ நுரை உருளையாலோ மெல்லிய பல படைகளாகப் பூசி, ஒவ்வொரு படையும் நன்றாகக் காய்ந்த பின்னர் தேய்த்து, ஏற்கத்தக்க ஒரு மேற்பரப்பைப் பெறலாம்.

பழைய பூச்சு எந்த வகை என்பதை அறிய, மறைவான ஓர் இடத்தில் தின்னர் நனைத்த துணியை வைத்துத் தேயுங்கள். நிறம் உடனே கரைந்து துணியில் ஏறினால் அது என்.சி. சுருங்கி எழும்பினால் எனாமல். எதுவும் நடக்காவிட்டால் அது பெரும்பாலும் ரூ கே. எனாமலின் மேல் என்.சி. அடித்தால் கீழ்ப்படை சுருண்டு எழும்பும். ஆகவே பழைய எனாமலின் மேல் எனாமலையே பூசுங்கள், அல்லது பழையதை முழுமையாக நீக்குங்கள்.

காலமும் இடமும்

வடக்கில் ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. தை, மாசியில் இரவுப் பனி. வைகாசிக்குப் பின்னர் சோளகக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரும். எனவே மாசி நடுப்பகுதியில் இருந்து சித்திரை வரையான காலம் பொருத்தமானது. நாளில், பனி ஈரம் முற்றாகக் காய்ந்த பின்னர் தொடங்கி, வெயில் உச்சத்துக்கு வரமுன் முடிப்பது நல்லது. வெயிலில் நின்று சூடேறிய தகட்டில் வர்ணம் பரவமுன் காய்ந்து சொரசொரப்பாகும்.

தறப்பாள் கூடாரம் அடிக்க எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் இந்தக் கூடாரத்தை முற்றாக மூடக்கூடாது. எதிரெதிரான இரண்டு பக்கங்களிலும் காற்றோட்டத்துக்கு வழி விடுங்கள். மாமரம், வேப்பமரம், தென்னை ஆகியவற்றின் கீழ் அமைக்க வேண்டாம். பூவும் பிசினும் பறவை எச்சமும் ஈர வர்ணத்தில் விழும். மண் தரையானால் அடிக்க முன்னர் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்குங்கள்.

கழற்றுதல்

பற்றறி இணைப்பை முதலில் கழற்றுங்கள். பின்னர் பம்பர், விளக்குகள், கைபிடிகள், பெயர்ப்பட்டிகள், கண்ணாடி இறப்பர்கள். மாஸ்கிங் ரேப் ஒட்டிச் சமாளிப்பதைவிடக் கழற்றுவதே மேல். ரேப்பின் விளிம்பில்தான் புதிய வர்ணம் முதலில் உரியத் தொடங்கும்.

மொறிஸ் மைனரின் மட்காட்கள் நான்கும் போல்ற் பூட்டியவை. உடலுக்கும் மட்காட்டுக்கும் இடையில் ஒரு பைப்பிங் பட்டி ஓடும். மட்காட்டைக் கழற்றினால்தான் அதன் பின்னால் தேங்கிய மண்ணும் துருவும் தெரியும். இந்தக் காலத்துப் பிரித்தானியக் கார்களின் போல்ற்கள் அங்குல அளவானவை. மில்லிமீற்றர் ஸ்பானரைப் போட்டு மழுங்கடித்துவிட்டால் மாற்றுப் போல்ற் தேடி அலைய நேரிடும். முதல்நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்து, சரியான ஸ்பானரால் மெதுவாகத் திருப்புங்கள்.

ஒவ்வொரு படியிலும் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். ஆணிகளையும் போல்ற்களையும் வெறும் பால்மா ரின்களில் இட்டு, எந்தப் பகுதிக்குரியவை என்று எழுதி ஒட்டுங்கள். வேலை இடையில் இரண்டு மாதம் நின்றாலும் குழப்பம் வராது.

பழைய வர்ணத்துக்குக் கீழே

எங்கள் கார்கள் தட்டுப்பாட்டுக் காலத்தில் கையில் கிடைத்ததைக் கொண்டு திருத்தப்பட்டவை. உதிரிப்பாகம் இல்லாத ஆண்டுகளில், கிடைத்த தகரத்தைத் தட்டி, றிவற் அடித்து, மேலே பட்டி பூசி மறைத்திருக்கலாம். செல் சிதறல் துளைத்த இடத்தை வெல்டிங் செய்ய வழியின்றிப் பட்டியால் மட்டும் அடைத்திருக்கலாம். பட்டி ஈரத்தை உறிஞ்சும். துளையின் பின்பக்கம் திறந்திருந்தால், எத்தனை தரம் வர்ணம் பூசினாலும் அந்த இடம் மீண்டும் கொப்பளிக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சிறு காந்தம் போதும். அதை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின் மேல் நகர்த்துங்கள். பிடிப்புக் குறையும் இடத்தில் பட்டியோ ஈயமோ இருக்கிறது. அந்த இடங்களை வெண்கட்டியால் வட்டமிடுங்கள். கதவுக்குக் கீழான பகுதி, தரைத் தகடு, பின்புற ஸ்பிறிங் பொருத்தும் இடம் ஆகியவற்றை ஸ்குறூ றைவரால் அழுத்திப் பாருங்கள். ஒஸ்ரின் ஏ-40 சோமசெற்றுக்குத் தனியான சஸி உண்டு. மொறிஸ் மைனர் காருக்கு அது இல்லை, அதன் உடலேதான் பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே மைனரின் கதவுக்குக் கீழான பகுதி உக்கியிருந்தால் அது அழகுப் பிரச்சினை மட்டும் அல்ல, உயிர்ப் பாதுகாப்புப் பிரச்சினை. அதை ரிங்கரிங் தெரிந்த ஒருவரிடம் காட்டி வெல்டிங் செய்த பின்னரே வர்ணத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். பணம் குறைவாக இருந்தால் அந்தப் பணத்தை வெல்டிங்குக்குக் கொடுங்கள். வர்ணம் அடுத்த வருடம் பூசலாம்.

பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். அக்காலத்துத் தகட்டு வேலையில் பள்ளங்களை நிரப்பவும் ஈயம் பயன்பட்டது. ஈயத் தூசி சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கருவுற்ற தாய்மாருக்கும் ஆபத்து. எனவே பழைய வர்ணத்தை உலர்வாகத் தேய்க்காதீர்கள், சூடாக்கியும் உரிக்காதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். கீழே பொலித்தீன் விரித்து, வரும் சேற்றைச் சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். கிணற்றடியிலோ தோட்டத்திலோ கழுவி விட வேண்டாம். வேலை உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். கை கழுவாமல் சாப்பிடவோ பிள்ளைகளைத் தூக்கவோ கூடாது.

துரு

துருவை மறைக்க முடியாது, நீக்கத்தான் வேண்டும். கம்பித் தூரிகையாலும் 80 இலக்கச் சாண்ட் பேப்பராலும் தகடு பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். குழிகளுக்குள் எஞ்சும் துருவுக்குப் பொஸ்பாரிக் அமிலம் சேர்ந்த துருநீக்கியைப் பூசி, அதன் அறிவுறுத்தலில் உள்ளபடி கழுவி முழுமையாகக் காய விடுங்கள். வெறும் தகட்டை இரவில் விட்டு வைக்காதீர்கள். விடியும்போது பனியில் மெல்லிய துரு படிந்திருக்கும். வெறுங்கையால் தொட்டாலும் வியர்வையின் உப்பு போதும். அன்று தேய்க்கும் பகுதிக்கு அன்றே எப்பொக்சி பிறைமர் பூசி முடியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கதவு, ஒரு மட்காட் என்று போனால் இது சாத்தியம்.

பட்டியும் பிறைமரும்

பட்டி சிறு பள்ளங்களை நிரப்ப மட்டுமே. இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பாக வைக்க வேண்டியிருந்தால், தகட்டை இன்னும் தட்டி நிமிர்த்த வேண்டும் என்று பொருள். எங்கள் வெப்பத்தில் வன்மையாக்கி கலந்த பட்டி சில நிமிடங்களில் இறுகிவிடும். ஆகவே சிறிது சிறிதாகக் கலவுங்கள். வன்மையாக்கியைக் கூட்டினால் பின்னர் அதன் நிறம் மேல் வர்ணத்தில் கசியும். அமிலம் சேர்ந்த எட்ச் பிறைமரின் மேல் பட்டி வைக்கக்கூடாது.

பட்டியை மட்டும் உலர்வாகத் தேய்க்க வேண்டும். அது தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும். அப்போது தூசிக் கவசம் கட்டாயம். கையால் நேரடியாகத் தேய்த்தால் விரல் பதிந்த அலைகள் உருவாகும். தட்டையான மரக்கட்டையில் சாண்ட் பேப்பரைச் சுற்றித் தேயுங்கள். 80 இல் தொடங்கி 180, பின்னர் 320.

அதன் மேல் நிரப்பும் பிறைமரை இரண்டு மூன்று படைகள் அடியுங்கள். அது காய்ந்ததும் கறுப்பு வர்ணத்தைத் தூவினாற்போல் மெல்லியதாக அடித்து, 400 இலக்கத் தாளால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். மேடான இடங்களில் கறுப்பு அழியும், பள்ளத்தில் எஞ்சி நிற்கும். கண்ணுக்குத் தெரியாத குறைகளை இந்தக் கறுப்பு காட்டிக்கொடுக்கும். எனாமலுக்கு 400 போதும். என்.சி. அடிப்பதானால் 600, 800 வரை போகவேண்டும். நிரப்பும் பிறைமர் ஈரத்தைத் தடுக்காது. பிறைமர் அடித்த காரை மழையில் விட்டால் கீழே மீண்டும் துருப்பிடிக்கும்.

கழுவும் தண்ணீர், துடைக்கும் துணி

வெளிநாட்டு வீடியோக்கள் சொல்லாத ஒரு விடயம் தண்ணீர். யாழ்ப்பாணக் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். தீவகத்திலும் கரையோரத்திலும் உவர். அந்த உப்பு தகட்டில் காய்ந்து, அதன் மேல் வர்ணம் பூசப்பட்டால், சில மாதங்களில் சிறு கொப்புளங்கள் எழும். கடைசிக் கழுவலுக்கு மட்டுமாவது சேமித்த மழைநீரையோ நல்ல தண்ணீரையோ பயன்படுத்தி, துணியால் ஒற்றி உலர்த்துங்கள்.

அடுத்தது மண்ணெண்ணெய். தடைக்காலத்தில் காரை ஓட்டியதும் அதுதான், கழுவியதும் அதுதான். ஆனால் மண்ணெண்ணெய் எண்ணெய்ப் படலமொன்றை விட்டுச் செல்லும். அதன் மேல் வர்ணம் பிடிக்காது. இயந்திர அழுக்கை நீக்க அதைப் பாவித்திருந்தால் சவர்க்காரத் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். இறுதித் துடைப்புக்கு வர்ணக் கடையில் கிடைக்கும் கொழுப்பு நீக்கியையே பாவியுங்கள். ஒரு துணியால் பூசி, அது காயமுன் இன்னொரு சுத்தமான துணியால் துடையுங்கள். ரயர் பொலிஷ், டாஷ்போர்ட் பொலிஷ் போன்ற சிலிக்கன் சேர்ந்த எதையும் அந்தப் பக்கம் கொண்டுவர வேண்டாம். அதன் ஒரு துளி போதும், வர்ணம் மீன்கண் போல விலகிக் குழி விழும்.

பூசும் நாள்

எனாமலுக்கும் என்.சி.க்கும் கூட இரசாயன ஆவியை வடிக்கும் காட்றிஜ் பொருத்திய முகக்கவசம், கண்ணாடி, கையுறை வேண்டும். துணி மாஸ்க் போதாது. தின்னர் ஆவி காற்றிலும் பாரமானது, நிலத்தோடு ஊர்ந்து பரவும். அடுப்பு, விளக்கு, நுளம்புத்திரி, சிகரெட், பொறி பறக்கும் மின்விசிறி எதுவும் அருகில் இருக்கக்கூடாது. எனாமல் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். அவற்றை விரித்துக் காய விடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவிடுங்கள்.

தேவையான வர்ணம் முழுவதையும் ஒரே தடவையில் வாங்கி, பெரிய வாளி ஒன்றில் ஒன்றாகக் கலந்து வையுங்கள். ரின்னுக்கு ரின் நிறம் சிறிது வேறுபடும். கம்பிறஷரில் தண்ணீர் பிடிக்கும் வடி பொருத்தியிருக்க வேண்டும். சிறிய கம்பிறஷரால் முழுக் காரையும் ஒரே மூச்சில் அடிக்க முடியாது. கழற்றிய பகுதிகளைத் தனித்தனியாக அடியுங்கள். காரில் தொடங்க முன்னர் பழைய குளிர்சாதனப் பெட்டிக் கதவு ஒன்றில் கை பழகுங்கள்.

எதை மறைக்காமல் விடுவது?

காரின் உண்மையான முதல் நிறத்தை அறிய விரும்பினால் டாஷ்போர்ட்டுக்குப் பின்னாலும் கதவின் உட்தட்டைக் கழற்றியும் பாருங்கள். பிற்காலத்துப் பூச்சுகள் அங்கே போயிருக்காது. நிறக் கலவைக்காகக் கடைக்குக் கொண்டுபோக அந்தப் பகுதியின் சிறிய துண்டு ஒன்று போதும்.

தேய்க்கத் தேய்க்க ஒவ்வொரு படையும் ஒரு காலத்தைக் காட்டும். வாங்கியபோது இருந்த நிறம், தங்கையின் கலியாணத்துக்குப் பூசியது, தடைக்காலத்தில் கிடைத்த ஏதோ ஒரு வீட்டு வர்ணம். கதவில் ஒரு சன்னத் துளை இருக்கலாம். அந்தக் காரில் அப்போது யார் இருந்தார்கள் என்பது வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். அதை மூடுவதா விடுவதா என்பது வர்ணம் பூசுபவர் தனியே முடிவெடுக்கும் விடயம் இல்லை. தேய்க்கத் தொடங்கமுன் அந்த வீட்டாரிடம் கேளுங்கள். சிலர் அதை இனிப் பார்க்க வேண்டாம் என்பார்கள். அவர்களுக்காக வெல்டிங் செய்து முழுமையாக மூடுங்கள். சிலர் விடச் சொல்வார்கள். அப்படியானால் துளையைச் சுற்றியுள்ள துருவை நீக்கி, விளிம்புக்கு எப்பொக்சி பிறைமர் பூசி, பின்பக்கத்தில் தகடொன்றை வைத்து நீர் புகாமல் அடைத்துவிட்டால், துளை தெரியும், துரு பரவாது.

எதையும் விடாவிட்டாலும், டிக்கியின் உட்பக்கத்தில் கையகல இடமொன்றைத் தேய்க்காமல் விட்டுவிடுங்கள். பழைய பூச்சு உறுதியாக இருக்கும் இடமாகப் பார்த்து, சுற்றிலும் ரேப் ஒட்டி, அந்தச் சதுரத்தை அப்படியே வைத்திருங்கள். புதிய வர்ணத்தைக் காட்ட வரும் ஊரவரிடம் வெளியில் காட்டுங்கள். பேரப்பிள்ளைகள் கேட்கும்போது டிக்கியைத் திறந்து காட்டுங்கள்.